கைக்குப் போடும் சட்டை

தை 20, சனி

காலையில் பனி. பிறகு நல்ல வெயில்.

எழுத்து கோணலாக இருக்கிறது. ஒன்று யானை, அடுத்தது எறும்பு. கோட்டில் நிற்காமல் மேலே ஏறிவிடுகிறது. இதைப் பின்னால் எடுத்துப் படிக்கப்போவது நான்தான். அதனால் என்னிடமே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். காலமெல்லாம் வெடி மருந்து சலித்த கை இது. சல்லடைதான் பழக்கம். பேனாவை எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்று இன்னும் பிடிபடவில்லை. அழுத்தினால் தாள் கிழிகிறது.

ஆனாலும் சந்தோஷம். இன்று திருத்தங்கல் நிறுத்தத்தில் நின்று வருகிற பஸ்ஸையெல்லாம் படித்தேன். யாரையும் கேட்கவில்லை. ஒரு அம்மாள் என்னிடம் கேட்டாள், "இது ராஜபாளையம் போகுமாய்யா?" படித்துச் சொன்னேன். ஏறிப் போய்விட்டாள். அவளுக்கு அது ஒன்றுமில்லை.

மாலையில் முதியோர் எழுத்து வகுப்பு முடிந்து டீக்கடை. இருளப்பன், என் சொந்த ஊர்க்காரன், எல்லோருக்கும் கேட்கும்படி: "ஏலே, கைவெட்டி மகன் கையெழுத்துப் போடப் படிக்காராம்லே!" கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் நாளைக்கும் சொல்வான். சிரித்தாலும் சொல்வான்.

மருமகளிடம் சொல்ல வேண்டியது: தைலம் தீர்ந்துவிட்டது. வெற்றிலை.

தை 21, ஞாயிறு

வகுப்பு இல்லை. வெயில் அதிகம்.

நேற்று எழுதிய பெயரைப் பற்றி எழுதிவைக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. காகிதத்திடம் சொல்லலாம், அது டீக்கடைக்குப் போகாது.

எங்கள் பூர்வீக ஊர் வத்திராயிருப்புக்கு மேற்கே, மலையடிவாரம். நான் பிறப்பதற்கு முன்னால், வெள்ளைக்காரன் சண்டைக் காலத்தில், மலையில் ஒரு விமானம் விழுந்தது. அதில் இருந்தவர்கள் செத்தார்கள். அவர்களை அங்கேயே புதைத்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. தகடு மட்டும் காட்டில் கிடந்தது. சில வருடம் கழித்து ஆட்கள் ஏறிப் போய் அதை வெட்டிச் சுமந்துவந்து சிவகாசியில் போட்டார்கள். அலுமினியம். இடித்துப் பொடியாக்கி மத்தாப்பில் சேர்த்தால் வெள்ளையாக எரியும். என் அய்யாவும் போனார். எங்கள் பக்கம் தகப்பனாரை அய்யா என்றுதான் சொல்வோம்.

ஒருநாள் அய்யா சாக்கை இறக்கிவைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அக்கா செல்லம்மாளுக்கு அப்போது பல் விழுந்து முளைக்கிற வயது. தின்ன ஏதாவது இருக்குமா என்று சாக்கைத் துழாவினாள். வெளியே வந்தது ஒரு கை. பழுப்பாக, ஐந்து விரலும் உள்ளே மடங்கி. அலறினாள். தெரு கூடிவிட்டது. செத்தவன் கையை வெட்டிக்கொண்டு வந்திருக்கிறான், மை காய்ச்சி வசியம் பண்ணப் போகிறான் என்று பேச்சு. அய்யா ஓடிவந்து அதைப் பிடுங்கி அடுப்பில் எறிந்தார். அதுதான் அவர் செய்த பிசகு. எரிந்த நாற்றம் தெரு முழுக்க. பிணவாடை என்றார்கள். அதற்கு மேல் சாட்சி வேண்டாமே.

இதெல்லாம் அம்மா சொன்னது.

அன்றிலிருந்து அவர் கைவெட்டி. நான் கைவெட்டி மகன். அக்காவைப் பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை. கடைசியில் ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் உடைக்கிற ஒருவருக்கு இரண்டாம் தாரம். அவருக்கு அய்யா வயது. போனவள் அய்யாவோடு பேசவே இல்லை. அய்யா செத்தபோது ஆள் அனுப்பினோம். வரவில்லை.

சாகும்போது அய்யா சொன்னார்: "அது கைக்குப் போடுற சட்டைலே." ஜன்னி என்றாள் அம்மா. உடம்புக்கே சட்டை இல்லாத ஊர் எங்களுடையது. கைக்கு எவன் சட்டை போடுவான்.

கை வலிக்கிறது. போதும்.

தை 22, திங்கள்

காலையில் ஒரு ஆள் வந்தார். முபாரக் பாய். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற கம்பெனிகளுக்குக் காகிதம் விற்கிறவர். ஐம்பது வயது இருக்கும். இனி மு. பாய் என்று எழுதுவேன், விரல் மிச்சம்.

"அண்ணாச்சி, இருக்கீகளா? உங்க அய்யா ஏரோப்ளான் விழுந்த எடத்துக்குப் போய்ட்டு வந்தவுகன்னு சொன்னாக."

"யாரு சொன்னா? டீக்கடையிலயா?"

"ஆமா."

"வேற என்ன சொன்னாக?"

"ஒரு பேரு சொன்னாக அண்ணாச்சி. நான் அந்தப் பேரைச் சொல்ல மாட்டேன்."

உட்காரச் சொன்னேன்.

இவருக்கு இதுதான் வேலையாம், வியாபாரம் போக. எங்கே எந்த மலையில் பழைய விமானம் விழுந்து கிடந்தாலும் தேடிப் போவது. பாதை இல்லாத இடமாகப் பார்த்து ஏறுவது. கண்டுபிடித்தால் படம் எடுப்பது, கொஞ்ச நேரம் நிற்பது, இறங்கி வருவது.

"அங்கன இப்ப என்ன பாய் இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது."

"பெறகு எதுக்குப் போறீக?"

"எங்க வீட்லயும் இதைத்தான் கேக்குறாக."

என்னையும் கூப்பிட்டார். வழி எனக்குத் தெரியாது, அய்யா என்னைக் கூட்டிப் போனதே இல்லை என்றேன். இரண்டு ஓடை சேருகிற இடம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். அது போதும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

மனதில் ஓடுவது இதுதான். அங்கே அவர்களைப் புதைத்த குழி இருக்கும். குழி கிளறிக் கிடந்தால் அய்யா வெட்டினார். கல் கலையாமல் இருந்தால் வெட்டவில்லை. என் கண்ணால் பார்த்துவிடலாம். பார்த்து அக்காவிடம் சொல்லலாம். அவள் எண்பதைத் தொட்டுவிட்டாள். இனி எப்போது.

தை 24, புதன்

மு. பாய்க்குச் சரி என்று சொல்லிவிட்டேன். வனத்துறையில் அனுமதி வாங்கியிருக்கிறார். கூட ஒரு வாட்சர் வருவார்.

மருமகள் கலாவுக்குக் கோபம். "மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குது. மலைக்கு எதுக்கு மாமா? அங்கன என்ன புதையலா இருக்கு?"

"ஏரோப்ளான் பாக்க."

"அதான் மேல போகுதே, அண்ணாந்து பாருங்க."

நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனி வேனுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள். சோற்றுவாளியை மறந்துவிட்டாள். நான்தான் பின்னாலேயே ஓடிக் கொடுத்தேன். அப்போது மூச்சு வாங்கவில்லை. அதை அவள் பார்க்கவில்லை.

தை 28, ஞாயிறு

இதைப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து முன்னைவிட மோசம். கால் இரண்டும் என்னுடையது போல இல்லை.

விடியும்போதே அடிவாரம். வாட்சர் பெயர் ராசு, நாற்பது வயது, பேச்சை நிறுத்தாத ஆள். முதல் ஓடைவரை மாட்டுப்பாதை. அதற்குப் பிறகு பாதை இல்லை. உண்ணிச்செடி ஆள் உயரம். புல் முகத்தில் அறுத்தது. ராசு அரிவாளால் ஒதுக்கிக்கொண்டே போனார். மு. பாய் கையில் தடித்த தோல் உறை, முள் ஏறாமல் இருக்க. எனக்குக் கம்பு.

யானைச் சாணம் கிடந்தது. ராசு காலால் தொட்டுப் பார்த்தார். "நேத்துப் போட்டது. பயப்படாதீக."

"இன்னைக்குப் போட்டதா இருந்தா?"

"இருந்தா நான் ஏன் உங்ககிட்ட சொல்லப் போறேன்."

ஒரு பாறையடியில் காய்ந்த தழை குவியலாகக் கிடந்தது. மேலே ஒன்று இரண்டு பச்சை. விறகுக்கும் தேனுக்கும் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு கொப்பை ஒடித்துப் போட்டுவிட்டுத்தான் தாண்டுவார்களாம். யாருக்காக என்றால் ராசுவுக்குத் தெரியவில்லை. "எங்க சின்னையா போட்டாரு, நானும் போடுதேன்." அவர் போட்டார். நான் போட்டேன். மு. பாயும் ஒன்று ஒடித்து வைத்தார்.

இரண்டு ஓடை சேருகிற இடம் என்று நான் காட்டிய இடத்துக்குப் போனோம். வெறும் பாறை. அரை நாள் வீண். எனக்கு வெட்கம். மு. பாய் போனில் எதையோ நகர்த்திப் பார்த்தார். "மழைக்காலத்துல இன்னொரு ஓடை ஓடும்போல அண்ணாச்சி. மேல போவோம்." மேலே என்றால் மேலே. கையும் ஊன்றி ஏறினேன். நெஞ்சு அடைத்தது. நின்றேன். அவர்களும் நின்றார்கள், படம் எடுக்கிற மாதிரி. எனக்காகத்தான் என்று தெரியும்.

அவர்தான் முதலில் பார்த்தார். மரத்தின் வேர் எதையோ கட்டிப் பிடித்திருந்தது. வேர் என்றுதான் நான் நினைத்தேன். விமானத்தின் எஞ்சினாம். துரு. ஆள் உயரத்தில் பாதி. சுமக்க முடியாது என்பதால் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சுற்றிலும் மண்ணுக்குள் தகட்டுத் துணுக்கு, நகத்தளவு, உள்ளங்கையளவு. வேறு ஒன்றும் இல்லை. இறக்கை இல்லை, வால் இல்லை.

"மத்ததெல்லாம் எங்கன போச்சு?" என்றார் ராசு.

"தீபாவளிக்குத் தீபாவளி கொளுத்தித் தீத்துட்டோம்" என்றார் மு. பாய். சிரித்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஒரு துணுக்கை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். இருந்த இடத்திலேயே வைத்தார். எதையும் எடுக்க மாட்டாராம்.

நான் குழியைத் தேடினேன். கல் குவியல், மேடு, எதுவும் இல்லை. சரிவு முழுக்கக் கம்பால் குத்திப் பார்த்தேன். "என்ன அண்ணாச்சி தேடுறீக?"

"செத்தவுகளைப் பொதச்ச எடம்."

"இங்கன யாரையும் பொதைக்கலையே. பழைய தாள்ல படிச்சிருக்கேன். விழுந்த வாரமே அந்தப் பக்கம், தேனி வழியாத் தூக்கிட்டு இறங்கிட்டாக. ஒருத்தர் பாக்கி இல்லாம."

உட்கார்ந்துவிட்டேன். அய்யா போனது அதற்குச் சில வருடம் கழித்து. செத்தவனே இல்லாத இடத்தில் யார் கையை வெட்டுவது? யாராவது ஒருத்தன், ஒரே ஒருத்தன், அப்போதே ஏறி வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தகடு எடுக்க வந்தவர்கள் எத்தனையோ பேர். அத்தனை பேருக்கும் இங்கே குழி இல்லை என்று தெரியும். தெரிந்துகொண்டே கீழே போய் அய்யாவைக் கைவெட்டி என்றார்கள். அய்யா ஒதுங்கினால் அவர் பங்குத் தகடும் அவர்களுக்குத்தானே.

பிறகு சோறு. மு. பாய் கையுறையைக் கழற்றிப் பாறைமேல் வைத்தார்.

அதை எப்படி எழுதுவது. காலையிலிருந்து அது அவர் கையில்தான் இருந்தது. பார்த்துக்கொண்டேதான் வந்தேன். கையில் இருந்தவரை அது எனக்கு ஒன்றுமில்லை. கழற்றி வைத்ததும் அது ஒரு கை. பழுப்பு. ஐந்து விரலும் உள்ளே மடங்கி, எதையோ பிடிக்கப் போவது போல.

நான் சோற்றை வைத்துவிட்டேன்.

"பாய், ஏரோப்ளான் ஓட்டுதவுக இதைப் போடுவாகளா?"

"போடாம? அந்தக் காலத்துல மேல போனா குளிர் வெறைச்சிரும். தோல்லதான் போடுவாக. முழங்கைவரைக்கும் கூட இருக்கும்."

"இதை எரிச்சா எப்படி நாறும்?"

என்னைப் பார்த்தார். "தோல்தானே அண்ணாச்சி. கருகுற வாடை வரும்."

"பொணம் மாதிரியா?"

"அப்படித்தான் இருக்கும்."

எல்லாவற்றையும் சொன்னேன். இறங்கும்போது மு. பாய் ஒரு உறையை என் பைக்குள் வைத்தார். "அக்காகிட்ட காட்டுங்க."

தை 29, திங்கள்

எழுந்திருக்க முடியவில்லை. கலா தைலம் தேய்த்துக்கொண்டே திட்டினாள். தேய்த்ததும் நன்றாக இருந்தது, திட்டியதும்.

உறையைக் காட்டினேன். "உங்க கம்பெனியில இந்த மாதிரி குடுப்பாகளா?"

"ரப்பர்ல குடுப்பாக மாமா. அதிகாரி வார அன்னைக்கு மட்டும். அவுக கார் ஏறுனதும் வாங்கிருவாக."

எங்கள் காலத்தில் அதுவும் இல்லை. டாக்டர் கையில் பார்த்திருக்கிறேன், ஜவ்வு மாதிரி, வெள்ளையாக. அதையும் அய்யாவையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றியதே இல்லை.

மு. பாய் நேற்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார், நான் கேட்டதால். கையுறை. பார்த்து எழுதினேன். கையுறை. கையுறை. கையுறை. அழகாக வந்திருக்கிறது. மூன்றே எழுத்து. இந்த மூன்றெழுத்து அய்யாவிடம் இல்லை. கைக்குப் போடுற சட்டை என்று அவரே ஒன்றைக் கட்டிச் சொல்லிப் பார்த்தார். நாங்கள் ஜன்னி என்றோம்.

மாசி 1, செவ்வாய்

கொஞ்சம் நடக்க முடிகிறது. டீக்கடைவரை போனேன். போயிருக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் சொன்னேன். உறையை எடுத்து மேசைமேல் வைத்தேன். கைக்குக் கை மாற்றிப் பார்த்தார்கள். ஒருவன் மாட்டிக்கொண்டு இன்னொருவன் கழுத்தைப் பிடித்தான். இருளப்பன் முழுக்கக் கேட்டான். தலையை ஆட்டினான். பிறகு: "அப்ப உங்க அய்யாவை இனிமே என்னன்னு கூப்பிட? கைச்சட்டைன்னா?"

சிரிப்பு.

"டீயைக் குடிங்க, ஆறுது" என்றார் கடைக்காரர். அவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. அவருக்குக் காது மந்தம்.

இவர்களுக்கு உண்மை எதற்கு. பெயர்தான் வேண்டும்.

மாசி 2, புதன்

ஆலங்குளம். பஸ் பலகையை நானே படித்து ஏறினேன். அந்தச் சந்தோஷம் சிமெண்டு ஆலைப் புகைக்கூண்டு தெரிகிறவரை இருந்தது.

அக்கா மகள் மகேஸ்வரி வீட்டில் இருந்தாள். அக்கா உட்கார்ந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். உடைத்த கடலைத் தோடு எல்லாம் மடியில்.

"வாலே. என்ன, சாவுச் செய்தியா?"

"இல்லக்கா."

"பெறகு எதுக்கு இம்புட்டுத் தூரம்?"

மலைக்குப் போனதைச் சொன்னேன். அங்கே யாரையும் புதைக்கவில்லை என்று சொன்னேன். கடலை உடைப்பதை நிறுத்தவில்லை. உறையை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். மு. பாய் பாறைமேல் வைத்த மாதிரியே, விரல் மடங்கி. நிறுத்தினாள்.

"இதுதாங்க்கா அன்னைக்கு நீ எடுத்தது. கையில்ல. கைக்குப் போடுறது."

ரொம்ப நேரம் பார்த்தாள். தொடவில்லை.

"நகம் இருந்துச்சுலே."

"இல்லக்கா."

"அஞ்சு வெரல்லயும் இருந்துச்சு. கருப்பு நகம். இதுல நகம் எங்க?"

"அன்னைக்கும் இருந்திருக்காது. நீ பயந்துட்டே."

"நீ பொறக்கவே இல்ல. எனக்குச் சொல்ல வாரியா? எடுத்தவ நான்." குரல் ஏறியது. மகேஸ்வரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இது சட்டைன்னா, அய்யா சாவுக்கு நான் ஏம்லே வரல? சொல்லு. ஏன் வரல?"

அவள் மடியிலிருந்து சிதறிய தோட்டைப் பொறுக்கினேன்.

"நகம் இருந்துச்சு" என்றாள் மறுபடி. கடலையைத் தள்ளிவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "மகேசு, மாமாவுக்குச் சோறு போடு. தின்னுட்டுப் போகட்டும்."

தின்றேன். ரசம் நன்றாக இருந்தது. அதைக்கூட எழுதுகிறேன் பார். கிளம்பும்போது போய்ட்டு வாரேன் என்றேன். ஜன்னல் கட்டையில் உறையை வைத்துவிட்டு வந்தேன். மறந்து வைத்துவிட்டேன் என்று கலாவிடம் சொன்னேன். மறக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது நினைத்தது. அவளிடம் இதை ஏன் கொண்டுபோனேன்? அய்யாவை நல்லவராக்கிக் கொடுக்கலாம் என்று போனேன். அவர் நல்லவர் என்றால் அவள் என்ன ஆவாள் என்று நான் யோசிக்கவில்லை. இத்தனை வருடம் அவளுக்கு ஒரு கை இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு வந்திருக்கிறேன்.

பழி சொன்ன ஊர் சும்மா இருந்தது. இருளப்பன் சும்மா இருக்கிறான். கிழவி ஒருத்திதான் கணக்குத் தீர்க்க வேண்டும்.

மாசி 3, வியாழன்

வகுப்புக்குப் போகவில்லை. எழுத ஒன்றும் இல்லை.

மாசி 4, வெள்ளி

மேகமூட்டம். மழை இல்லை.

காலையில் போன். மகேஸ்வரி.

"மாமா, அந்தத் தோலை இங்கன வச்சிட்டுப் போய்ட்டீகளே. அம்மா நேத்துக் காலையிலருந்து அதைக் கையில மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. சோத்துக்குக்கூடக் கழத்த மாட்டேங்குது. நான்தான் ஊட்டுதேன்."

"என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல. இந்தக் கையால அந்தக் கை வெரல் நுனியத் தடவித் தடவிப் பாக்குது. ஒவ்வொரு வெரலா. முடிச்சிட்டு மறுபடி மொதல்லருந்து."

"போனைக் குடு அதுகிட்ட."

அக்காவின் மூச்சு கேட்டது போலிருந்தது. பிறகு மகேஸ்வரிதான். "பேச மாட்டேங்குது மாமா. உங்களை இனிமே வரவேண்டாம்னு சொல்லச் சொல்லுது."

சரி என்றேன்.

வருகிற புதன் போவேன். உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவேன். நின்றதையாவது இங்கே எழுதுகிறேன்.